கம்பத்தில் பனி, கையில் மக்ரூன்

ஸ்கார்பரோ, டொரொன்டோ

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். பல் மட்டும் தந்தி அடிக்கிறது. அத்தையின் முட்டுவலி எப்படி இருக்கிறது?

போன வாரம் இங்கே உறைமழை. மழையாகத்தான் விழுகிறது, விழுந்த இடத்தில் கட்டியாகிவிடுகிறது. மரக்கிளை, கார்க் கதவு, கரண்ட் கம்பி எல்லாவற்றுக்கும் கண்ணாடிச் சட்டை. பாரம் தாங்காமல் எங்கள் தெரு மேப்பிள் கிளை முறிந்து கம்பியில் விழுந்தது. தெருவே இருட்டு. "ஹீட்டர் ஓடுவது கேஸில்தானே, நமக்கென்ன" என்று உங்கள் மகள் தைரியமாக இருந்தாள். அந்தச் சூட்டை அறைக்கு அறை தள்ளும் விசிறிக்குக் கரண்ட் வேண்டுமாம். பொழுது சாயுமுன் வீட்டுக்குள்ளேயே வாயில் புகை வந்தது. இட்லி மாவு புளிக்க மாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்தது. வேறு வழியில்லாமல் கொல்லையில் பார்பிக்யூ அடுப்பை மூட்டி, நீங்கள் கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டைச் சுட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் எங்கோ வயர் கருகுகிறது என்று போனில் புகார் சொல்லிவிட்டார். லைன்மேன்கள் சீக்கிரம் வந்ததற்குக் கருவாடுதான் காரணம் என்பது உங்கள் மகளின் கட்சி.

இதெல்லாம் சின்ன விளையாட்டாம். 2013 டிசம்பரில் இந்த ஊரில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போய், பல வீடுகளில் கிறிஸ்துமஸே இருட்டில் கழிந்தது என்கிறார்கள். மானிட்டோபாவிலிருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்திருக்கிறார்கள். 1998 ஜனவரியில் கியூபெக் பக்கம் இரும்புக் கோபுரங்களே வரிசையாக மடங்கி விழுந்து, ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். இதைக் கேட்டபோது 2018-இல் கஜா புயலுக்கு நீங்கள் லைன்மேனாக வேதாரண்யம் போனது நினைவுக்கு வந்தது. அந்தப் புயலில் லட்சத்துக்கும் மேல் கம்பம் சாய்ந்திருக்க, கேரளத்து ஆட்களோடு சேர்ந்து வயலில் இறங்கிக் குழி தோண்டிவிட்டு, வீட்டுக்கு வந்து "சாப்பாடு பரவாயில்ல" என்று மட்டும் சொன்னீர்களே!

உங்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று. உப்பு இங்கேயும் உங்கள் இலாகாவைத் துரத்துகிறது. நம்ம தூத்துக்குடியில் கடல் காற்றும் உப்பளமும் சேர்ந்து இன்சுலேட்டரில் உப்பைப் பூசிவைக்கும். முதல் தூறல் விழுந்ததும் அது ஈரமாகி, கரண்ட் அதன் வழியே கசிந்து லைன் ட்ரிப் ஆகும். கொட்டுகிற மழையென்றால் உப்பைக் கழுவிவிடும், தூறல்தான் வில்லன் என்பீர்கள். இங்கே கடல் கிடையாது. ஆனால் பனி உருகட்டும் என்று ரோட்டில் வண்டி வண்டியாக உப்பு கொட்டுகிறார்கள். கார்ச் சக்கரம் அதைத் தெறிக்கவிட்டுக் கம்பத்தில் ஏற்றுகிறது. கம்பமோ மரம், சில சமயம் தீயே பிடித்துக்கொள்கிறது. உப்பு விளைகிற ஊரைவிட்டு உப்பு விரயமாகிற ஊருக்கு வந்திருக்கிறேன்.

எங்கள் தெருவுக்கு வந்த லைன்மேன்கள் இரண்டு பேர். நீங்கள் மூங்கில் ஏணியும் கயிறுமாக ஏறுவீர்கள். இவர்களுக்குத் தொட்டில் வைத்த லாரி. ஆனால் மேலே போனதும் ஜாதகம் ஒன்றுதான். உள்ளே ரப்பர் கையுறை, அதன்மேல் தோல் கையுறை, அதோடு கட்டைவிரல் பருமன் நட்டைத் திருக வேண்டும். தொடுவதற்கு முன் கம்பியில் கரண்ட் இல்லை என்று சோதித்து, எர்த் மாட்டிவிட்டுத்தான் வேலை. லைனை அணைக்கச் சொல்லி சப்ஸ்டேஷனில் எல்.சி. வாங்கியாச்சே, பிறகெதற்கு எர்த் என்று சின்ன வயதில் உங்களைக் கேட்டிருக்கிறேன். முத்துக் குளிக்கிறவன் கயிற்றை மச்சான் கையில் கொடுத்த கதையைச் சொன்னீர்கள். தங்கச்சி தாலிக்குப் பயந்தாவது ஒழுங்காகப் பிடிப்பான். தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கயிறு மட்டும் கம்பத்துக்கு இடம் மாறிவிட்டது. சப்ஸ்டேஷன்காரன் கயிற்றை ஒழுங்காகப் பிடித்தாலும், ஏதோ ஒரு வீட்டு ஜெனரேட்டர் கீழேயிருந்து இழுத்துவிடும் என்றீர்கள். வீட்டு 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறினால் மேலே 11,000 வோல்ட்; அதற்குத்தான் எர்த். இங்கேயும் லைன்மேன் இறங்கி வந்து கேட்ட முதல் கேள்வி, "இந்தத் தெருவில் யார் வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது?"

கரண்ட் வந்ததும் தெருவே கைதட்டியது. ஆளாளுக்குக் காபி கொண்டுவந்தார்கள். நாங்கள் சுக்குக் காப்பியும் அம்மா அனுப்பிய மக்ரூனும் கொடுத்தோம். பெரியவர் கையுறையைக் கழற்றிவிட்டு ஒன்றை வாயில் போட்டார். மக்ரூன் கரைந்துவிட்டது. என்ன ஆயிற்று என்பதுபோல் எங்களைப் பார்த்தார். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு என்றேன். மிச்சத்தைப் பொட்டலமாக வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கைதட்டலும் காபியும் நல்லதுதான். ஆனால் கம்பத்தில் இருப்பவருக்கு உயிர் முக்கியம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, நம்ம ஊரும் மூழ்கிய பிறகு, நம் தெருவில் வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் வாங்கிவிட்டார்கள் என்று அம்மா சொல்கிறாள். யார் யார் வீட்டில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடவில்லை என்று ஒருநாள் நடந்து பார்த்துவிடுங்கள். ரிட்டயர் ஆனாலும் நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள். ஈ.பி. ஆபீசுக்குப் போன் போட்டுத் திட்டுகிற பெரியப்பா தாராளமாகத் திட்டட்டும். ஜெனரேட்டரை லைனிலிருந்து பிரித்துவிட்டுத் திட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
அன்பு மருமகன்

பி.கு.: மக்ரூன் தீர்ந்துவிட்டது. குளிர்காலம் இன்னும் பாக்கி இருக்கிறது. யாராவது வந்தால் இரண்டு கிலோ கொடுத்தனுப்புங்கள். ஒரு கிலோ எங்களுக்கு, ஒரு கிலோ லைன்மேனுக்கு.