மடித்தால் மட்டும் போதுமா?

கேள்வி: ஆம்பூர் தோல் தொழிற்சாலை அலுவலகத்தில் இருப்புக் கணக்குக்கு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். அது அனுமார் வாலாக நீண்டுவிட்டது. ஒரு வரியைத் தேடுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. வழி உண்டா?
- வாசகர், ஆம்பூர்

பதில்: உண்டு, டீயைச் சூடாகவே குடிக்கலாம். ஸ்கிரிப்டைப் பிரிவு பிரிவாகத் திரையில் மடித்து வையுங்கள்!

பிரிவுகளுக்கான பெயர்களை உங்கள் தொழிலே தருகிறது: பச்சைத்தோல் வரவு, வெட் புளூ, கிரஸ்ட், பினிஷிங், ஏற்றுமதி. விஎஸ் கோடு எடிட்டரில் ஒவ்வொரு பிரிவின் தலையிலும் ஹேஷ் குறியிட்டு 'ரீஜன்' என்றும் பெயரையும், அடியில் அதே ஹேஷ் குறியுடன் 'எண்ட்ரீஜன்' என்றும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். கன்ட்ரோல்-கே, அடுத்து கன்ட்ரோல்-பூஜ்யம் அழுத்தினால் மொத்தமும் மடிந்து, தலைப்புகள் பளிச்சென்று நிற்கும். கன்ட்ரோல்-கே, கன்ட்ரோல்-ஜே விரித்துவிடும்.

விம் எடிட்டர் பிரியரா? 2001இல் வந்த 6.0 பதிப்பிலிருந்தே அதில் மடிப்பு உண்டு. ஆனால் கவனம்: மூடிய மடிப்பின் மேல் 'டிடி' அழுத்தினால் ஒரு வரி அல்ல, உள்ளிருக்கும் அத்தனையும் போய்விடும். பதறாமல் 'யு' அழுத்துங்கள், திரும்பி வரும்.

மடிப்பதால் ஸ்கிரிப்ட் வேகமாக ஓடாது, பிழையும் குறையாது. சுருங்குவது திரையில் மட்டும்தான். ஒரே கணக்கை மூன்று இடத்தில் எழுதியிருந்தால் அதை ஒரு ஃபங்ஷனாக்குங்கள். ஒரு பிரிவு மிகவும் பெருத்தால் தனிக் கோப்புக்கு மாற்றுங்கள். குப்பையை மடித்து வைத்தாலும் குப்பைதான். முதலில் பெருக்குங்கள், பிறகு மடியுங்கள். நாளை உங்கள் இடத்துக்கு வருபவர் மனதார வாழ்த்துவார்.