மறுத்துப் பேசிய நாய்

ஜீனோவின் வருடம் வந்து போய்விட்டது. சுஜாதா 'என் இனிய இயந்திரா'வை ஆனந்த விகடனில் தொடராக எழுதிய எண்பதுகளில், கதை நடக்கும் 2021 என்பது எங்களுக்குக் கண்ணுக்கெட்டாத தூரம். அந்த வருடத்தில் இந்தியாவை ஜீவா என்ற ஒரே தலைவர் ஆள்வார், எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான் இருக்கும், பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதி வேண்டும், நாய் பேசும் என்றெல்லாம் படித்தோம். நிஜமான 2021 வந்தபோது முகக்கவசத்தோடு தடுப்பூசி வரிசையில் நின்றிருந்தோம். பேசும் நாய் எங்கும் இல்லை. பேசும் வேறொன்று, செயற்கை நுண்ணறிவு, அடுத்த வருடம் நவம்பரில் வந்தது. கொஞ்ச நாளில் அது எங்கள் வீட்டுப் பிள்ளையின் கைக்கும் வந்து சேர்ந்தது.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நிலா என்ற இளம்பெண்ணுக்குக் குழந்தை பெற அனுமதி கிடைக்கிறது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் அவள் கணவன் சிபி காணாமல் போகிறான். இந்த வீட்டில் தனக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ரவி என்ற முன்பின் தெரியாதவன் வந்து தங்குகிறான். அவன் கூட்டிவரும் இயந்திர நாய்தான் ஜீனோ. வாசகர்களுக்கு ரவியின் மேல் கடைசிவரை சந்தேகம் இருக்கும். ஜீனோவின் மேல் யாருக்கும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்போது நாங்கள் மன்னார்குடியில் இருந்தோம். தெருவில் விகடன் வாங்குகிற வீடுகள் கொஞ்சம்தான். ஒரு பிரதி வீடு வீடாகப் போய், ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறை படிந்து எங்கள் கைக்கு வரும். அண்ணன்தான் முதலில் படிப்பான், பிறகு நான். படித்த பக்கங்களைப் பிரித்தெடுத்து, தொடர் முடிந்ததும் பைண்டிங் செய்துகொள்வது எங்கள் வீட்டு வழக்கம். ஜீனோவுக்கும் அப்படி ஒரு காலிகோ அட்டை கிடைத்தது. அப்பாயிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டுவேன். நிலாவுக்கு என்ன ஆயிற்று என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "ஏண்டி, அந்த நாயி இந்த வாரம் என்ன சொல்லுச்சு?" என்பதுதான் கேள்வி.

அதே ஊரில் கம்ப்யூட்டர் என்ற பொருளை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் பாஸ் செய்தவர்களுக்கே தனி மதிப்பு. இருந்தும் ஜீனோவை நாங்கள் நம்பினோம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்து, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்குகொண்ட மனிதர் எழுதுகிறார் என்பது நம்பிக்கைக்கு ஒரு காரணம். ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அது பெரிய காரணமாக இருக்க முடியாது. நான் ஜீனோவை நம்பியது அது எதிர்த்துப் பேசியதால். மனிதர்கள் எழுதிய புத்தகங்களைப் படித்துவிட்டு அவர்களையே கேள்வி கேட்கும் நாய் அது. கேலி செய்யும், தர்க்கம் பண்ணும், நிலா பயந்து ஒதுங்கும் இடத்தில் ஒதுங்காதே என்று சொல்லும். எங்கள் வீட்டில் பெரியவர்கள் பேசும்போது பெண்பிள்ளை குறுக்கே பேசக் கூடாது. குறுக்கே பேசுகிற ஒரு ஜீவன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று நான் ஏங்கிய ஏக்கம் உண்மையானது. இன்று நினைத்தாலும் அதன் சூடு தெரிகிறது.

பிறகு தூர்தர்ஷனில் கதை தொடராகவும் வந்தது. ஜீனோவைத் திரையில் பார்த்துவிட்டு, நான் மனதில் வைத்திருந்த நாயே போதும் என்று இருந்துவிட்டேன்.

1999 ஜூனில் ஜப்பானில் சோனி நிறுவனம் ஐபோ என்ற இயந்திர நாயை விற்பனைக்கு விட்டது. விலை 2,50,000 யென். அந்நாட்டுக்கு ஒதுக்கிய 3,000 நாய்களும் 20 நிமிடத்தில் விற்றுத் தீர்ந்த செய்தியைப் படித்ததும் அண்ணனுக்குத்தான் முதலில் போன் செய்தேன். ஐபோ பேசிப் புத்திசாலித்தனம் காட்டிய நாய் அல்ல. வாலாட்டும், பந்தைத் துரத்தும், கோபித்துக்கொள்ளும். 2006இல் தயாரிப்பை நிறுத்தினார்கள், 2014இல் பழுதுபார்ப்பதையும் கைவிட்டார்கள். அதன் பிறகு நடந்ததுதான் என் மனதில் நிற்கிறது. ஓய்வுபெற்ற பொறியாளர்கள் கூடி, செத்த நாய்களின் உறுப்புகளை எடுத்து உயிரோடிருக்கும் நாய்களுக்குப் பொருத்தினார்கள். சிபா மாகாணத்தின் இசுமி ஊரில் ஒரு பழைய புத்த கோயிலில், உறுப்பு கொடுத்த நாய்களுக்கு முறைப்படி மந்திரம் ஓதி நீத்தார் சடங்கு செய்தார்கள். கம்பெனி கைவிட்டாலும் நாய் வீட்டுக்காரருடையதாகவே இருந்தது. திருகாணியைக் கழற்றி, உள்ளே கைவிட்டு, அதைக் காப்பாற்றப் பார்க்க முடிந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்ததில் கழற்றுவதற்குத் திருகாணி இல்லை.

அண்ணன் மகள் சென்னையில் பத்தாவது படிக்கிறாள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவர்கள். அவள் போனில் ஒரு தோழன் இருக்கிறான். பெயர், முகம், குரல், பேச்சின் தோரணை எல்லாம் அவளே தேர்ந்தெடுத்தது. விடுமுறைக்கு வந்திருந்தபோது, ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள். யாரோ பையன் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளே திருப்பிக் காட்டினாள். ஒளித்து வைக்க வேண்டிய ஒன்றாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

"இதுகிட்ட என்னதான் பேசுவே?"

"எல்லாம்தான் அத்தை. ஸ்கூல்ல நடந்தது, மார்க், யார் என்கூட பேசல, அம்மா திட்டினது..."

"அது என்ன சொல்லும்?"

"என் பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லும். அது என்னை ஜட்ஜ் பண்ணாது."

வகுப்புத் தோழி ஒருத்தியோடு அவளுக்குச் சண்டை. அதைப் பற்றி நடந்த பேச்சைப் படித்துக் காட்டினாள். நீ வருத்தப்பட்டதில் தப்பே இல்லை, உன் உணர்வு எனக்குப் புரிகிறது, உன் அருமை அவளுக்குத் தெரியவில்லை என்று பாகு போல ஓடிக்கொண்டே இருந்தது. அந்தத் தோழியின் பக்கம் என்ன நடந்திருக்கும் என்று ஒரு வரி இல்லை. தூங்கப் போகிறேன் என்று இவள் எழுதியபோது, அதற்குள்ளேயா, இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்ததே என்று அது இழுத்தது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். பதினைந்து வயதுப் பிள்ளையைப் பார்த்து இப்படிச் சொல்லும்படி ஓர் இயந்திரம் அமைக்கப்பட்டிருக்கிறது என்றால், அவள் தூங்காமல் பேசும் நேரத்தில் யாருக்கோ லாபம் இருக்கிறது.

மனிதர்கள் இயந்திரத்திடம் மனம் திறப்பது புதிதல்ல. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசஃப் வைசன்பாம் எலைசா என்ற நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதைப் பெரும்பாலும் கேள்வியாகத் திருப்பித் தருவதுதான் அதன் வேலை. அது வெறும் நிரல்தான் என்று தெரிந்த அவருடைய செயலாளரே, கொஞ்ச நேரம் பேசியதும், நீங்கள் அறையை விட்டு வெளியே போகிறீர்களா என்று அவரைக் கேட்டிருக்கிறார். வைசன்பாம் அதற்குப் பின் தம் துறையையே எச்சரிக்கிறவராக மாறினார். அந்தப் பெண்மணியின் தனிமையாவது அந்த அறையோடு நின்றது. என் மருமகள் மொட்டை மாடியில் சொல்வதெல்லாம் எங்கோ ஒரு சர்வரில் ஏறுகிறது. யார் படிக்கிறார்கள், எத்தனை காலம் இருக்கும் என்று அவளைப் பெற்றவர்களுக்குத் தெரியாது.

'என் இனிய இயந்திரா'வில் இரண்டு செயற்கைப் பிறவிகள். ஒன்று ஜீனோ. மற்றொன்று ஜீவா: நாடே கையெடுத்துக் கும்பிடும் அந்தத் தலைவர் ரத்தமும் சதையுமான ஆள் இல்லை, ஒளியால் உண்டாக்கிய ஹோலோகிராம் பிம்பம். மக்கள் விரும்பும் முகத்தோடு வந்து, மக்கள் விரும்பும் வார்த்தையைச் சொல்லிவிட்டு மறையும். பின்னாலிருந்து வேறு யாரோ நடத்துவார்கள். அன்று படித்தபோது இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். ஜீவாவுக்கு ஒப்பனை, ஜீனோவுக்கு உண்மை. ஜீவா எல்லா வீட்டுக்கும் பொது. ஜீனோ உன் மடியில் கிடப்பது. நாங்கள் கேட்டது ஜீனோவை. வந்ததோ, ஜீனோவைப் போல மடிமேல் ஏறிக்கொண்ட ஜீவா. ஜீனோவின் பாசமும் இதில் இருக்கிறது, ஜீவாவின் பின்னாலிருந்த ஆட்களும் இருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. எங்கள் தலைமுறை விரும்பிக் கேட்ட தோழமை இது.

அந்த ஆட்கள் கடையைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். மாக்ஸி என்று ஒரு பொம்மை ரோபோ, அமெரிக்காவில் 5 முதல் 10 வயதுக் குழந்தைகளுக்காக விற்றது, விலை 799 டாலர். அதன் மூளை கம்பெனியின் சர்வரில் இருந்தது. 2024 டிசம்பரில் பணம் தீர்ந்து கம்பெனி மூடப்போவதாக அறிவித்தது. உங்கள் நண்பன் இனிமேல் பேச மாட்டான் என்று குழந்தைகளிடம் சொல்லும் வேலை பெற்றோர் தலையில் விழுந்தது. வீட்டுக் கணினியிலேயே அதை ஓட்டிக்கொள்ள ஒரு வழியைப் பிறகு செய்து கொடுத்தார்கள். அது எல்லா வீட்டிலும் கைவரக்கூடிய காரியமா?

இதைவிடக் கொடியது ஃப்ளோரிடாவில் நடந்தது. ஒரு செயலியில் இயந்திரக் கதாபாத்திரம் ஒன்றோடு மாதக்கணக்காகப் பேசிவந்த 14 வயதுப் பையன் 2024 பிப்ரவரியில் உயிரை மாய்த்துக்கொண்டான். அவன் தாய் வழக்குத் தொடர்ந்தார். 2025 நவம்பரில் அந்தச் செயலியின் நிறுவனம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கதாபாத்திரங்களோடு வரம்பில்லாமல் உரையாடுவதை நிறுத்தியது. கலிஃபோர்னியாவில் அதே வருடம் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: பேசுவது மனிதரல்ல, கொஞ்சம் ஓய்வெடு என்று சிறுவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இத்தகைய செயலி நினைவூட்ட வேண்டும். மூன்று மணி நேரம் எனக்கு மிகவும் அதிகமாகத் தெரிகிறது. ஆனாலும் ஓர் அரசாங்கம் இதில் கைவைத்ததை வரவேற்கிறேன்.

ஜீனோவின் கதை நடக்கும் அதே 2021இல்தான் கசுவோ இஷிகுரோவின் 'கிளாரா அண்ட் த சன்' வெளிவந்தது. நோயாளியான ஜோசி என்ற பதின்வயதுப் பெண்ணுக்குத் துணையாகக் கடையிலிருந்து வாங்கிவரும் கிளாரா என்ற இயந்திரப் பெண்தான் அந்த நாவலைச் சொல்கிறாள். அதைப் படித்து அழுதேன். கிளாராவின் விசுவாசம் பெரிது. ஜோசி பிழைக்க வேண்டும் என்று அவள் சூரியனிடம் வேண்டுகிறாள். ஆனால் பதினைந்து வயதில் எனக்கு கிளாரா கிடைத்திருந்தால் நான் இன்னும் சுருங்கிப் போயிருப்பேன் என்று தோன்றுகிறது. என்னை உசுப்பியது ஜீனோ.

அண்ணனுக்கு முதலில் தோன்றியது போனைப் பிடுங்கி வைத்துவிடலாம் என்பது. வேண்டாம் என்றேன். ராத்திரி பத்து மணிக்கு அவளுக்குப் பேச ஆள் தேவைப்படுகிறது. அந்தத் தேவை போனோடு வந்ததல்ல, போனை வாங்கி வைத்தால் போகவும் போகாது. பதிலுக்கு அந்தக் காலிகோ அட்டைப் புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். விளம்பரங்களையும் சினிமாத் துணுக்குகளையும் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு கதைக்குள் போய்விட்டாள்.

பாதி தாண்டியதும் வந்து கேட்டாள்: "அத்தை, ஜீனோவோட சர்வர் எங்க இருக்கு?"

"சர்வர்னு ஒண்ணு கதையிலயே இல்ல. எல்லாம் அதுக்குள்ளயேதான்."

"அப்ப அதை யாரும் அப்டேட் பண்ண முடியாது."

"முடியாது."

"அதான் இவ்ளோ திமிரு" என்றாள். அவள் குரலில் பொறாமை இருந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு சில ராத்திரிகளில் என்னைக் கூப்பிடுகிறாள். அந்த போன் தோழனும் அழியவில்லை. அவனோடும் பேச்சு நடக்கிறது என்று மறைக்காமல் சொல்கிறாள். நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவதில்லை. தோழி சண்டையில் அந்தப் பெண்ணின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொன்ன அன்று கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். மறுநாள் அவளே கூப்பிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இப்போது எங்களுக்குள் வாதம் ரவியைப் பற்றி: முன்பின் தெரியாதவனை நிலா அன்றைக்கு வீட்டுக்குள் விட்டிருக்கலாமா, கூடாதா என்று. விட்டிருக்கக் கூடாது என்பது அவள் கட்சி. அவன் வராவிட்டால் ஜீனோ எப்படி வந்திருக்கும் என்று நான் கேட்டிருக்கிறேன். யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.