ஸ்கோர் என்னாச்சு?

போன மாதம் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 183. நர்ஸம்மா கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்த பிரஷர், மேல் எண் 140. என் வயசுக் கிரிக்கெட் பைத்தியம் எவனிடமாவது இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். 1983 ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம். இந்தியா 183, வெஸ்ட் இண்டீஸ் 140. சீட்டைப் பார்த்ததும் நானும் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. அவருக்கு முப்பது வயசு இருந்தால் அதிகம்.

"மூணு மாச ஆவரேஜ் எட்டரை இருக்குங்கய்யா. ஏழுக்குக் கீழ இறக்கணும்" என்றார்.

ஆவரேஜை இறக்கச் சொல்லி ஒருவர் என்னிடம் கேட்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நாற்பது வருஷமாக எனக்குத் தெரிந்த ஆவரேஜ் எல்லாம் ஏற வேண்டியவை. பிராட்மேனுக்கு 99.94. நான்கு ரன் அடித்திருந்தால் நூறு, கடைசி இன்னிங்ஸில் முட்டை வாங்கிவிட்டார் என்று எத்தனை ராத்திரி வருத்தப்பட்டிருப்பேன்! பிராட்மேனுக்காகப் பட்ட வருத்தத்தில் கால்வாசி என் கணையத்துக்காகப் பட்டிருக்கலாம்.

நான் கம்பத்துக்காரன். அப்பாவுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் என்று பேப்பரில் வருஷா வருஷம் வருமே, அதில் எங்கள் ஒன்றரை ஏக்கரும் அடக்கம். இரண்டாம் போகம் அறுத்து வைக்கோலும் ஏறியபின் வயல் சும்மா கிடக்கும். அதுதான் எங்கள் சேப்பாக்கம். அறுத்த தாள் காலைக் குத்தும். செருப்பில்லாமல் நாலு நாள் ஓடினால் அதுவே படிந்துவிடும். வரப்பைத் தாண்டினால் நாலு ரன். வாழைத்தோப்புக்குள் போனால் அவுட், தோப்புக்காரர் கண்ணில் பட்டால் மொத்த டீமும் அவுட். மட்டை என்பது நிஜமாகவே தென்னை மட்டை. எங்கள் சீசனை முடித்து வைப்பது எந்தக் கிரிக்கெட் வாரியமும் இல்லை, பெரியாறு அணை. ஜூன் பிறந்து தேக்கடித் தலைமதகைத் திறந்தார்கள் என்றால், ரெண்டொரு நாளில் பிட்ச் முழுக்க முழங்கால் தண்ணீர் நிற்கும். அத்தோடு ஸ்டம்பைப் பிடுங்கிப் பரணில் போட வேண்டியதுதான்.

நான் ஆட்டக்காரன் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். நான் ஸ்கோரர். நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, பந்துக்குப் பந்து புள்ளி வைத்து எழுதுவேன். பத்தாவதாக இறங்கி இரண்டு பந்து நின்றுவிட்டு வருவதும் உண்டு. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 1984 ஏப்ரல், கூடலூர்ப் பையன்களுடன் ஆடிய ஆட்டத்தில் எனக்கு 11 ரன் என்று இருக்கிறது. உண்மையில் ஏழு. மீதி நாலை எக்ஸ்ட்ராவிலிருந்து எடுத்து என் பேரில் வரவு வைத்துக்கொண்டேன். டோட்டல் சரியாக வந்ததால் யாரும் கேட்கவில்லை. அந்த ஆட்டத்துக்குக் கூடலூருக்குச் சைக்கிளில் போனோம், ஒரு வண்டிக்கு மூன்று பேர். திரும்பி வரும்போது செயின் அறுந்து பாதி வழி தள்ளிக்கொண்டே வந்தோம். அதை எந்த நோட்டிலும் எழுதவில்லை. நடந்ததையெல்லாம் கணக்கு வைப்பார்களா?

ரேடியோதான் எங்களுக்கு எல்லாம். பாட்டரி செத்துவிட்டால் மொட்டை மாடியில் வெயிலில் காய வைத்து, உயிர் வந்ததும் திரும்பப் போடுவோம். சேப்பாக்கத்தில் டெஸ்ட் என்றால் தமிழ் வர்ணனை வரும். அப்துல் ஜப்பார் குரல் கேட்டால் பந்து வருவது கண்ணுக்குத் தெரியும். டீக்கடை வாசலில் சிலேட்டு மாட்டியிருப்பார்கள். பஸ் நின்றதும் ஜன்னல் வழியாகக் கண்டக்டரே தலையை நீட்டி, "ஸ்கோர் என்னாச்சுப்பு?" என்பார். கவாஸ்கர் நாற்பதில் நிற்கிறார் என்றால்தான் விசில் கொடுப்பார்.

1986 செப்டம்பர் 22. அப்போது உத்தமபாளையத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அன்று மட்டம். மடை திருப்பிவிடும் வேலையை அப்பா என்னிடம் ஒப்படைத்திருந்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டு, டிரான்சிஸ்டரைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு போனேன். ஆஸ்திரேலியாவோடு சேப்பாக்கத்தில் ஐந்தாம் நாள். இந்தியாவுக்கு 348 தேவை. சாயங்காலம் ஆக ஆக நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோனது. கடைசி ஓவர், கிரெக் மாத்யூஸ் வீசுகிறார். சாஸ்திரி ஒரு ரன் ஓடி ஸ்கோரைச் சமன் செய்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். மனிந்தர் சிங் எதிரில். ஐந்தாவது பந்து காலில் பட்டது, நடுவர் விக்ரம் ராஜு விரலைத் தூக்கினார். 347 ஆல் அவுட். இரண்டு பக்கமும் கூட்டினால் 744, 744. டெஸ்ட் சரித்திரத்தில் அது இரண்டாவது டை.

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வயல் நிரம்பி, வரப்பு உடைந்து, தண்ணீர் பக்கத்துப் பங்காளி வயலில் நின்றது. அவர் அன்று காலையில்தான் உரம் போட்டிருந்தார். உரம் மொத்தமும் வாய்க்காலோடு போய்க்கொண்டிருந்தது. ராத்திரி அவர் வீட்டுக்கு வந்து கத்திவிட்டுப் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"சரி, யாருடா ஜெயிச்சா?"

"யாரும் ஜெயிக்கலப்பா."

"அப்ப எவன் தோத்தான்?"

"யாரும் தோக்கலப்பா."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "இதுக்காடா வரப்ப ஒடச்ச?" என்றார். அடித்திருந்தால் ஆறியிருக்கும். அடிக்கவில்லை.

அந்த உரத்துக்குப் பரிகாரம் போல, பிற்காலத்தில் நான் உரக்கடை வைத்தேன். முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தே போனது. கடையில் முதலில் ரேடியோ, பிறகு கேபிள், பிறகு செல்போன். மூட்டை தூக்க ஆள் இருந்தார்கள். நான் ஸ்கோர் மட்டும் பார்த்துக்கொண்டேன். கவனியுங்கள், விளையாட்டில் எனக்கு ஆர்வம் ஒரு நாள்கூடக் குறையவில்லை. இடுப்பு மட்டும் 32-லிருந்து 40 வரை ஏறியது. அந்த ஒரு எண்ணைத்தான் யாரும் சிலேட்டில் எழுதவில்லை.

இப்போது மணிக்கட்டில் சிலேட்டு வந்துவிட்டது. மருமகன் வாங்கி அனுப்பிய கடிகாரம். அவர் நியூ ஜெர்சியில் இருக்கிறார், பேஸ்பால் பைத்தியம். ஒரு டீமுக்கு வருஷத்துக்கு 162 மேட்ச், அத்தனைக்கும் புள்ளிவிவரம். நம்மைவிட முற்றிய கேஸ் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த ஆட்டத்துக்கு ஸ்கோர் கட்டம் போட்டுக் கொடுத்த ஹென்றி சாட்விக் என்பவரே இங்கிலாந்தில் பிறந்து கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவராம். 1859-லேயே அவர் கட்டம் அச்சாகிவிட்டது. ஆக நாங்கள் ஒரே வம்சம். மருமகன் ஒருநாள் போனில், "மாமா, பேஸ்பால்ல பத்துக்கு மூணு அடிச்சாலே பெரிய ஆளு" என்றார். அன்றிலிருந்து நானும் பத்து நாளைக்கு மூன்று நாள் வாக்கிங் போகிறேன். மகள் மட்டும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை.

கடிகாரம் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி கேட்கிறது. இந்தப் பத்தாயிரத்தை எந்த டாக்டரும் கண்டுபிடிக்கவில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவிக்கு அவர்கள் வைத்த பேரே 'பத்தாயிரம் அடி மீட்டர்', அவ்வளவுதான் சங்கதி. கவாஸ்கர் பத்தாயிரம் ரன் எடுக்க 1971-லிருந்து 1987 மார்ச் வரை ஆனது. பதினாறு வருஷம்! டெஸ்ட்டில் அதுவரை உலகத்தில் எவனும் தொடாத எண், அகமதாபாத்தில் ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். என்னிடம் அதைத் தினமும் கேட்கிறார்கள். அதுவும் சோறு இல்லாமல்.

சோறு என்றதும் அரிக்கொம்பன் ஞாபகம் வருகிறது. 2023 மே 27, சனிக்கிழமை காலை அந்த யானை கம்பத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அரிசிக்காக ரேஷன் கடை, வீடு என்று உடைத்துத் தின்று பேர் வாங்கியது. கேரளக்காரர்கள் ஏப்ரல் கடைசியில் சின்னக்கானலில் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டிருந்தார்கள். அது மலை இறங்கி எங்கள் தெருப்பக்கம் வந்து சேர்ந்தது. 144 போட்டார்கள். யானை தள்ளியதில் அடிபட்ட ஒருவர் பிறகு இறந்துபோனார், அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஜன்னலுக்குப் பின்னால் நின்றபோது எனக்குத் தோன்றியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதுக்குக் கழுத்தில், எனக்குக் கையில். அது எங்கே போகிறது என்று வனத்துறை பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் எங்கே போகிறேன் என்று நியூ ஜெர்சியில் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருக்கும் அரிசி ஆகாது என்று மேலே யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அது மட்டும் கேட்கவில்லை.

வெளியே போக முடியாத அந்த நாட்களில் மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடந்தேன். 29-ஆம் தேதி ராத்திரி ஐபிஎல் பைனல். மழை பெய்து, ஓவர் குறைந்து, ஆட்டம் முடிய ஒன்றரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. தெருவில் யானைப் பயம் இருந்ததால் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு கத்தியது. காலையில் கடிகாரத்தைப் பார்த்தால், நடுராத்திரிக்குப் பிறகு 640 அடி நடந்திருக்கிறேனாம். சோபாவை விட்டு இறங்கவே இல்லை, கை தட்டியதுதான். அழிக்கவா முடியும்? எக்ஸ்ட்ராவிலிருந்து வந்த ரன் என்று வரவு வைத்துக்கொண்டேன். தூக்கத்துக்கு மட்டும் நூற்றுக்கு 41 போட்டிருந்தது, அதை யாரிடமும் காட்டவில்லை. ஜூன் 5-ஆம் தேதி அரிக்கொம்பனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டு போனார்கள்.

பழைய வயலில் இப்போது கல் ஊன்றிப் பிளாட் போட்டிருக்கிறார்கள். தார் ரோடு, இரண்டு பக்கமும் கொன்றை, வாக்கிங் போக வசதி. தாள் குத்தாது, நானூறு கிராம் ஷூ வேறு. போகும்போது ஒரு இடத்தில் வேகத்தைக் குறைப்பேன். வரப்பு உடைந்த இடம் அதுதான் என்பது என் கணக்கு. இப்போது மின்கம்பம் நிற்கிறது. பையன்கள் யாரும் அங்கே ஆடுவதில்லை. டர்ஃப் என்று பச்சைப் பாய் விரித்து, மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் இடத்துக்குப் போகிறார்கள். எதிரே வரும் சேக்காளிகள் முன்பெல்லாம் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், "ஸ்கோர் என்னப்பு?" நான் மணிக்கட்டைத் திருப்பிச் சொல்கிறேன். "நாலாயிரத்துச் சொச்சம்." "பரவால்ல, நான் மூணுதான்." டெண்டுல்கர் பேச்சே வருவதில்லை.

நேற்று பத்தாயிரத்தைத் தொட்டேன். வீட்டு வாசலுக்கு வந்து பார்த்தால் 10,122. கவாஸ்கர் டெஸ்டில் கடைசியாக நிறுத்திய எண். அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை. வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், தண்ணிச் சொம்பை வீட்டுக்காரிதான் கொண்டுவந்து கொடுத்தாள்.