தக்காளி வெளிப்படு படலம்: ரொறன்ரோ வேளாண்மை குறித்த ஓர் ஆராய்ச்சி

ரொறன்ரோ நகரின் வேளாண் பெருமக்கள் முன் ஆண்டுதோறும் எழும் தலையாய கேள்வி ஒன்று உண்டு. மாசிப் பனியிலிருந்து சன்னலோரத்தில் வளர்த்து ஆளாக்கிய தக்காளிக் கன்றை எந்த நாளில் வெளியே நடுவது? எருவைப் பற்றிக் கேட்டால் ஒரு விடை வரும். நீரைப் பற்றிக் கேட்டாலும் அப்படியே. இதைக் கேட்டால் மட்டும் ஒரே வீட்டில் மூன்று விடை வரும். ஆகவே பிறர் கொள்கைகளை முதலில் எடுத்துரைத்து, மறுத்து, பின்பு எம் கொள்கையை நிறுவுவோம். பிறரை மறுக்காத ஆராய்ச்சியை யாரும் ஆராய்ச்சி என்று ஒப்புவதில்லை.

கேள்வியின் கனம் அறியாதோர்க்கு ஒரு சொல். தக்காளியும் கத்தரியும் வெண்டியும் பாவலும் வெப்ப நாட்டுப் பிறப்பு. இலையினுள் இருக்கும் நீர் உறைந்தால் அதன் நுண்ணறைகள் சிதைந்துபோகும். காலையில் இலை கறுத்துத் துவண்டு தொங்கும். பட்டாணி, ஸ்பினாச் கீரை, முள்ளங்கி, சலாது ஆகியவற்றுக்கு இந்த அச்சம் இல்லை. மண் இளகியதும் ஏப்ரலிலேயே விதைக்கலாம். மேலே கொஞ்சம் பனி பெய்தாலும் பொருட்படுத்தாமல் முளைக்கும். ஆனால் அச்சமில்லாத பயிரைப் பற்றி ரொறன்ரோவின் ஸ்காபரோவில் யாரும் பேசுவதில்லை. வேலியோரப் பேச்சில் இடம்பெறும் தகுதி, ஒரே இரவில் சாகக்கூடிய பயிருக்கே உண்டு.

முதற்கண் நில அணில்வாதிகள். ஒன்ராறியோவின் வயர்ட்டன் ஊரில் பெப்ரவரி 2ஆம் நாள் வில்லி என்னும் நில அணிலை வெளியே எடுத்து, அது தன் நிழலைக் கண்டால் குளிர் இன்னும் ஆறு வாரம், காணாவிட்டால் இளவேனில் அண்மையில் என்று குறி கேட்பார்கள். 1956 முதல் நடக்கும் விழா. 1999இல் குறி சொல்ல வேண்டிய நேரத்தில் வில்லி இறந்துபோக, சவப்பெட்டியில் ஒன்றைக் கிடத்திக் காட்டினார்கள். அது வில்லியே அல்ல, பாடம் செய்யப்பட்ட வேறொன்று என்று பின்னர் தெரியவந்தது. இக்கொள்கையை மறுக்க அதுவே போதும் என்றாலும், ஆய்வு நேர்மை கருதி மேலும் ஒன்று சொல்வோம். பெப்ரவரி 2இலிருந்து ஆறு வாரம் கழித்தால் மார்ச் நடுப்பகுதி. அன்றைக்கு எங்கள் பின்வளவில் மண்வெட்டி இறங்காது. நிழல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் தக்காளிக்கு ஒன்றுதான்.

அடுத்து விதைப் பைக்கற் கொள்கை. கடைசி உறைபனி நாளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு வீட்டுக்குள் விதையிடுக என்று பைக்கற்றின் முதுகில் அச்சிட்டிருக்கும். இதில் இரு குற்றங்கள். உறைபனிகளில் எது கடைசி என்பது அது கடந்து நெடுநாள் ஆன பிறகே தெரியும். மே மாதக் காலையொன்றில் புல்லின் மேல் வெண்மையைக் கண்டு, இதுவே கடைசி என்று சத்தியம் செய்யக் கூடியவர் எவருமில்லை. அட்டவணைகளில் போட்டிருப்பது பெரும்பாலும் பல ஆண்டுகளின் சராசரி. சராசரி என்றால், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டு அந்நாளுக்குப் பிறகும் உறையும் என்பதே பொருள். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு அட்டவணை எதற்கு?

இரண்டாம் குற்றம் பைக்கற்றினுடையது அன்று, வாசிப்போருடையது. ஆறு முதல் எட்டு வாரம் என்றால் மார்ச் நடுப்பகுதி அல்லது கடைசி. எம்மவர் பெப்ரவரியிலேயே தயிர் வாளியில் மண் நிரப்பிவிடுவார்கள். குளிர்கால வெயில் தக்காளிக்குப் போதாது. கன்று வெளிச்சத்தைத் தேடி நீண்டு, கழுத்து மெலிந்து, ஏப்ரலில் சன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்நிலையில் வீட்டு மாமி போகும்போதும் வரும்போதும் அதன் தலையைத் தடவிவிட்டுப் போவார். இதைப் பாசம் என்று எள்ளி நகையாடுவோர் அறிக: அடிக்கடி தொடப்படும் செடி நெட்டையாக வளராமல் குட்டையாக, தண்டு தடித்து வளரும் என்பதை மார்க் ஜாஃப் என்ற தாவரவியலாளர் 1973இல் எழுதி, அதற்கு வாயில் நுழையாத கிரேக்கப் பெயரும் சூட்டினார். மாமி பெயர் சூட்டவில்லை. மற்றபடி இருவர் முடிவும் ஒன்றே.

மூன்றாவது, அரசிக் கொள்கை. ஆதரவாளர் தொகையில் இதுவே முதலிடம். விக்டோரியா நாள் வார இறுதியில் நட வேண்டும் என்பது இங்கு எழுதாச் சட்டம். விக்டோரியா பிறந்தது 1819 மே 24. அப்பிறந்தநாளை அக்காலக் கனடா மாகாணச் சட்டமன்றம் 1845இல் விடுமுறையாக்கியது. பின்னர் 1952இல், மே 25க்கு முந்தைய திங்கள் என்று நிலையாக மாற்றினார்கள். ஆகவே நாள் 18க்கும் 24க்கும் இடையே அலையும். கனடாவுக்கு ஒருமுறையும் வராத அரசி ஒருவரின் பிறந்தநாள், மக்களுக்கு நீண்ட வார இறுதி வேண்டும் என்பதற்காக நகர்த்தப்பட்டு, அதன்படி கத்தரிக்காய் காய்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தருக்க நூலுக்கு ஒவ்வாது. ஆனால் அந்தத் திங்களன்று கடைக்காரர் கன்றுகளை வாசலில் அடுக்கிவைப்பதும் எல்லோரும் வீட்டில் இருப்பதும் உண்மை. இக்கொள்கையின் வலிமை விடுமுறையில் இருக்கிறது, வானிலையில் அன்று.

நான்காவது, பனிப் புனிதர் கொள்கை. ஜெர்மனியிலும் போலந்திலும் மே 11 முதல் 15 வரை வரும் புனிதர் நாள்கள் கழியும்வரை மென்பயிரை வெளியே விடமாட்டார்கள்; 15ஆம் நாளுக்குரியவர் குளிர் சோஃபி. இந்த நம்பிக்கை 1582இல் போப் கிரகோரி நாள்காட்டியைத் திருத்துவதற்கு முந்தையது என்றும், விட்டுப்போன பத்து நாளைக் கூட்ட வேண்டும் என்றும் வாதிப்போர் உளர். கூட்டினால் மே 21 முதல் 25 வரை. அதாவது அரசியும் புனிதர்களும் ஓரிடத்தில் வந்து சேர்கிறார்கள். இவ்விடத்தில் எம் பஞ்சாங்கத்தையும் விரித்துப் பார்த்தோம். வைகாசி பிறப்பது மே 14 அல்லது 15இல். எனவே விக்டோரியா நாள் எந்த ஆண்டிலும் வைகாசியின் முதல் பதினொரு நாளைத் தாண்டாது. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று முன்னோர் வகுத்தார்கள். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் நின்று பார்த்தால் அவ்வகுப்பு ஐயத்துக்குரியது. ஸ்காபரோவில் அது நாள் பிசகாமல் பொருந்துகிறது. பருவங்களை வகுத்தவர் ஒன்ராறியோவுக்கு வந்து போயிருக்கலாம் என்று கருத இடமுண்டு. அவ்வாராய்ச்சியைப் பிறர்க்கு விட்டுவிடுகிறோம்.

ஐந்தாவது, வெப்பமானிக் கொள்கை. கைத்தொலைபேசியில் இன்றிரவு 3 பாகை என்று காட்டியது, ஆயினும் செடி செத்தது என்று புலம்புவோர் இக்கொள்கையினர். வானிலை நிலையங்களில், எடுத்துக்காட்டாகப் பியர்சன் விமான நிலையத்தில், அளப்பது தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்துக் காற்றை. முகிலும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, அக்காற்றைவிடச் சில பாகை கூடுதலாகக் குளிரும். தக்காளி விமான நிலையத்தில் நிற்கவில்லை, தரையில் நிற்கிறது. ஒன்ராறியோ ஏரிக்கரையில் உள்ளவருக்கு ஏரி காவல். ஏரியிலிருந்து தள்ளி, மார்க்கத்திலும் பிரம்டனிலும் உள்ளவருக்கு அக்காவல் இல்லை. இவர்களுக்காகவே பழைய நைலெக்ஸ் சேலைகள் பெட்டியில் பாதுகாக்கப்படுகின்றன. சேலையைக் கம்புகளின் மேல் விரித்து, ஓரம் தரையைத் தொடுமாறு விட வேண்டும். மண்ணின் சூட்டைப் பிடித்துவைப்பதே அதன் வேலை. செடியின் கழுத்தில் மட்டும் சுற்றிவிடுவது அலங்காரமே தவிர வேளாண்மை அன்று.

நடுவதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் கன்றுகளைக் காலையில் வெளியே வைத்து மாலையில் உள்ளே எடுக்க வேண்டும். முதல்நாள் நிழலில் ஒரு மணி நேரம், பின் மெல்ல மெல்ல வெயில். திடீரென வெயிலில் வைத்தால் இலை வெளுத்துப்போகும். உள்ளியும் ருபாப்பும் மூலவரைப் போல் மண்ணை விட்டு அசையாதிருக்க, தக்காளிச் சட்டிகள் மட்டும் உற்சவராகி வீதியுலா வரும் காலம் இது. தூக்குவோர் வீட்டில் உள்ள பதின்வயதினர். அவர்கள் கருத்தை இவ்வாய்வில் பதிய இயலவில்லை. பதியத் தக்கதாக அது இல்லை.

இனி எம் கொள்கை. ரொறன்ரோவில் தக்காளி வெளிப்படும் நாளைத் தீர்மானிப்பது அயல்வீட்டார். எங்கள் தெருவில் இத்தாலியப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இலையுதிர் காலத்தில் அத்தி மரத்தின் ஒருபக்க வேரை வெட்டி, மரத்தைச் சாய்த்துக் குழியில் புதைத்து, இளவேனிலில் தோண்டி நிமிர்த்தும் கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர் சட்டிகளைக் கொண்டுவந்து வைத்தால் தெரு முழுவதும் அன்று மாலையே மண்ணைக் கிளறும். மூன்றாம் வீட்டு அக்கா வேலிக்கு மேலால் கேட்பார்:

“என்ன தங்கச்சி, இன்னும் வைக்கேல்லையோ?”

“கிழவர் வைக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன் அக்கா.”

பெரியவரிடமே கேட்டோம். அவர் வானத்தைப் பார்க்கவில்லை, நாள்காட்டியைப் பார்க்கவில்லை. தமிழ் அம்மா கத்தரி வைத்த பிறகுதான் தாம் தக்காளி வைப்பதாகச் சொன்னார். அந்த அம்மா மூன்றாம் வீட்டு அக்காவேதான். அவரோ, பெரியவரின் அத்தி துளிர்த்தால்தான் தாம் கத்தரியைத் தொடுவாராம். தருக்க நூலார் இதை அந்நியோந்நியாச்சிரயம் என்று சொல்லிக் குற்றங்களுள் ஒன்றாக வைப்பர். அதாவது ஒன்றையொன்று பற்றி நிற்றல். தருக்கத்தில் அது குற்றமாகலாம். தோட்டத்தில் அதுவே பாதுகாப்பு. கத்தரி தக்காளியைவிடக் குளிருக்கு அஞ்சுவது. ஆதலால் கத்தரிக்குப் பாதுகாப்பான இரவு தக்காளிக்கும் பாதுகாப்பானது. அத்தி அவசரப்படாது, தோண்டி நிமிர்த்திய மரம் நாள்கள் சூடாகும்வரை துளிர்க்காது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பொறுத்திருக்கும் நாள்களில், வானிலை தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது.

இதற்கு ஒரேயொரு தடை அணில். இவ்வூர் அணிலை இராமர் தடவவில்லை; முதுகில் கோடு கிடையாது, நன்றியும் கிடையாது. புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் தோண்டும். மிளகாய்த்தூள் தூவினால் அதற்கு உறைக்கும், பறவைக்கு உறைக்காது. மழைக்குப் பிறகு மறுபடி தூவ வேண்டும்.

ஆகவே வாசகர்காள், வேலிக்கு இருபுறமும் பாருங்கள். யார் மிகப் பிந்தி வைக்கிறாரோ அவரைப் பின்பற்றுங்கள். அப்படி ஒருவர் அமையாத தெருவில் குடியிருந்தால், அரசியின் திங்கள் கழிந்து இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். இரவு 10 பாகைக்குக் கீழே போகும் காலத்தில் வெளியே நிற்கும் தக்காளி சாகாவிட்டாலும் வளராது. பிந்தி வைத்த கன்று அதை ஜூனில் பிடித்துவிடும். வெண்டியையும் பாவலையும் ஜூன் பிறக்குமுன் நடாதீர்கள். யார் கேட்டாலும் நடாதீர்கள்.