பத்து மாத அட்வான்ஸ்

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் குடிபெயரப் போகிறவர்கள் வாடகையைத்தான் முதலில் ஒப்பிடுகிறார்கள். பாவம், அப்பாவிகள். ஊரை அளக்க வேண்டுமானால் அட்வான்ஸைப் பார்க்க வேண்டும். பெங்களூரில் பத்து மாத வாடகையை வட்டியில்லாக் கடனாக வீட்டுக்காரருக்குக் கொடுப்பது பழைய சம்பிரதாயம். இப்போது சிலர் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிறார்கள்; வள்ளல்கள்.

சென்னையிலும் இதே கூத்துதான். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத அட்வான்ஸ் போதும் என்றது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் ஆட்சேபணை இல்லை என்றும் அதுவே சொன்னது. வீட்டுக்காரர்கள் இந்த இரண்டாவது பகுதியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகள் வாடகைப் படிக்கான வரிவிலக்குக் கணக்கில் சென்னைக்கு வரம்பு சம்பளத்தில் 50 விழுக்காடு என்றன, பெங்களூருக்கு 40. அங்கே வாடகை குறைவு என்று விதி எழுதியவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவர் ஒயிட்ஃபீல்டில் வீடு தேடியவராக இருக்க முடியாது.

கிளம்பும் முன் ஒன்று: காலி செய்யும்போது பெயின்ட் செலவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.