வீட்டுக்குள் வராத சட்டம்

கேள்வி: பெற்றோர் பிள்ளையை அடிப்பதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டுமா? (வாசகர், திருவண்ணாமலை)

பதில்: தடுக்கத்தான் வேண்டும். பள்ளியில் இந்தத் தடை ஏற்கெனவே உண்டு. தமிழ்நாட்டுக் கல்வி விதிகள் 2003-இல் திருத்தப்பட்டு வாத்தியாரின் பிரம்பு போனது; 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது. வீட்டு வாசலில் மட்டும் சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டது. கொடுமை என்ற அளவுக்குப் போனால் 2015-இன் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு பாயும். அதற்குக் கீழே உள்ள அடிக்கு, பழைய தண்டனைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆம் பிரிவும் நிழல் தருகின்றன: 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காகப் பாதுகாவலர் நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது.

பௌர்ணமி இரவில், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், இடித்துவிட்ட ஆசாமியை ஒருவர் அறைந்தால் வழக்கு. கால் வலிக்கிறது என்று அழும் ஐந்து வயதுப் பிள்ளையை அறைந்தால் நல்லெண்ணம்! திருப்பி அடிக்க முடியாதவருக்குத்தான் பாதுகாப்பு குறைவு என்பது நியாயமே இல்லை.

ஆனால் தடை என்றால் தாயைச் சிறைக்கு அனுப்புவது என்று பொருளில்லை. அது பிள்ளைக்கு இரண்டாவது அடி. 1979-இல் உலகில் முதலாவதாகத் தடைசெய்த சுவீடன், இதைப் பெற்றோருக்கான குடும்பச் சட்டத்தில் தனித் தண்டனை இல்லாமல் எழுதியது. பால் அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டு வீடுதோறும் சொன்னது. 2018-இல் நேபாளமும் தடைசெய்தது. இங்கே வீடுதோறும் சொல்லும் அந்த வேலையை அங்கன்வாடியிலிருந்தே தொடங்கலாம். கொடுமை கண்ணில் பட்டால் அழைக்க 1098 இருக்கிறது.