எண்பது டாலர் டம்ளர்

கிரெடிட் கார்டு பில்லை என் மனைவி வாய்விட்டுத்தான் படிப்பாள். தணிக்கைப் படிப்பு படித்தவள், பழக்கதோஷம். அந்த மாதம் படித்தது இது: "பிரைமர். பவுடர். டை. டம்ளர்."

நிமிர்ந்து என் தலையைப் பார்த்தாள். டை அடிக்கும் அளவுக்கு அங்கே ஒன்றும் பாக்கியில்லை. "பிரைமரும் பவுடரும் யாருக்குங்க?" என்றாள், நிதானமாக. அந்த நிதானம்தான் பயமாக இருந்தது. "டம்ளர் எண்பது டாலரா? வெள்ளியா?"

வீட்டிலேயே துப்பாக்கித் தோட்டா செய்யப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதி என்றே இன்றுவரை நம்புகிறேன்.

நாங்கள் இருப்பது டெக்சஸில், டாலஸுக்குப் பக்கத்தில். குடியுரிமை வாங்கிய கையோடு, ஊரோடு ஒத்து வாழ ஒரு .308 ரைஃபிள் வாங்கினேன். மான் எதையும் சுட்டதில்லை. சுடுவது காகித அட்டையை. அதுவும் பெரும்பாலும் உயிர் பிழைத்துவிடும். இருபது தோட்டா கொண்ட பெட்டி 30 டாலர். ஒவ்வொரு 'டமாரு'க்கும் ஒன்றரை டாலர் போகும்போது இரண்டு கட்டு கொத்தமல்லி கண்முன் வந்து போகும். அப்புறம் குறி எங்கே நிற்கும்?

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் வழி காட்டினார். தோட்டா என்பது நான்கு பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் நம் ஊர்ப் பொட்டு வெடிக்குப் பெரியப்பா முறையான பிரைமர், உள்ளே பவுடர், முன்னால் பறக்கும் குண்டு. சுட்டதும் மூன்றின் கதை முடிந்துவிடும். கூடு மட்டும், செத்த பிரைமரோடு, காலடியில் விழும். அதைப் பிரஸ் என்ற யந்திரத்தில் டை என்ற அச்சுக்குள் விட்டுப் பழைய அளவுக்கு அமுக்கி, மற்ற மூன்றையும் புதிதாக வைத்தால் மறுபடி தோட்டா. சொந்த உபயோகத்துக்கு என்றால் அமெரிக்க மத்திய அரசின் உரிமம்கூட வேண்டாம், விற்றால்தான் வேண்டும். போனில் அம்மாவிடம் சொன்னேன். இதற்கெல்லாம் உரிமம் கேட்கும் 1959 ஆயுதச் சட்டம் உள்ள இந்தியாவில் இருப்பவர், "போலீஸ் வராதாடா?" என்றார்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு வைத்த வம்சம் நான். பித்தளையைத் தரையில் விட்டு வருவதா? சுடுதளத்தில் மற்றவர்கள் விட்டுப் போனதையும் குனிந்து குனிந்து சேர்த்தேன். அன்றிலிருந்து நான் பெயருக்கேற்ற பொறுக்கி.

டம்ளர் என்பது வாளி போன்ற ஒரு யந்திரம். பொடித்த வால்நட் ஓட்டோடு கூடுகளைப் போட்டால், மணிக்கணக்கில் குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கித் துலக்கும். இதே ஓட்டுப்பொடி செல்லப்பிராணிக் கடையில் பல்லி வகைகளுக்குப் படுக்கையாக மலிவாய்க் கிடைக்கிறது. கடைப் பையன் என்ன பல்லி என்று கேட்டான். "வீட்டுப் பல்லி" என்றேன்.

"பித்தளைதானே? புளி போட்டுத் தேய்ச்சா போதாதா?" என்றாள் மனைவி. விவரம் அறிந்தவன் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்தேன். சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுகிறவர்களும் உண்டு என்று பெரியவர் பிறகு சொன்னார். அந்தத் தகவலை வீட்டில் இதுவரை வெளியிடவில்லை. சமாதானமாக, குத்துவிளக்கையும் யந்திரத்தில் போட்டுத் தரட்டுமா என்றேன். "ஈயத்தூசி படிஞ்ச வாளியில சாமி விளக்கா?" என்ற கேள்வியோடு டம்ளர் கராஜுக்குக் குடிபெயர்ந்தது.

பொறுக்கியதில் வேறொரு வில்லங்கம். 1860-களில் பாக்ஸர் என்ற ஆங்கிலேயர் ஒரு வகைப் பிரைமரையும் பெர்டன் என்ற அமெரிக்கர் இன்னொரு வகையையும் கண்டுபிடித்தார்கள். ஆங்கிலேயருடையது அமெரிக்காவிலும் அமெரிக்கருடையது ஐரோப்பாவிலும் வேரூன்றிவிட்டன. இரு வீட்டுப் பிள்ளைகளும் எதிர்வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளை! பாக்ஸர் கூட்டில் நடுவில் ஒரு துளை. ஊசியால் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம். பெர்டன் கூட்டில் துளைகள் ஓரத்தில். உள்ளே எட்டிப் பார்க்காமல் பிரஸ்ஸின் நெம்புகோலை அழுத்தினேன். ஊசி ஒடிந்தது.

பவுடரை நிறுப்பது கிரெயின் கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். நெல்லெடை, குன்றிமணி என்று தங்கம் நிறுத்த ஊரிலிருந்து வந்தவனுக்கு இது புதிதில்லை என்று பெருமையடித்தேன். பெரியவர் கண்டுகொள்ளவில்லை. மேஜைமேல் ஒரே ஒரு பவுடர்தான் இருக்க வேண்டும், கையேட்டில் உள்ளதற்கு மேல் இம்மியும் கூடாது, போன் வெளியே, பேச்சு கூடாது என்றார். ஒரே கூட்டில் இரண்டு முறை கொட்டிவிட்டால் துப்பாக்கி சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கலாம். சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு, அவ்வளவுதான்.

முப்பத்தெட்டாவது கூட்டில் கதவு திறந்தது. "என்னங்க, கறிவேப்பிலை இல்ல." முப்பத்தெட்டில் ஊற்றிவிட்டேனா, இல்லையா? அத்தனையையும் கவிழ்த்தேன். மறுமுறை இருபத்தாறில் கொத்தமல்லி இல்லை.

அதற்கும் முந்திய கூத்து ஒன்று உண்டு. பெரியவர் தன் கைத்துப்பாக்கித் தோட்டாக் கூடுகளை எண்ணெய்ப் பசை எதுவும் தடவாமல் டைக்குள் விட்டு எடுப்பதைப் பார்த்திருந்தேன். நானும் அப்படியே என் ரைஃபிள் கூட்டை விட்டேன். போனது, வரவில்லை. நெம்புகோலைப் பிடித்துத் தொங்கினேன். கூட்டின் விளிம்பு மட்டும் பிய்ந்து வந்தது. அவருடையது கார்பைடு டை, அதற்குப் பசை வேண்டாம். உன்னுடையதற்குக் கட்டாயம் வேண்டும் என்று அவர் சொன்னது ஞாயிற்றுக்கிழமை. கூடு சிக்கியது சனிக்கிழமை. இலவசமாகப் பொறுக்கிய கூட்டை வெளியே எடுக்கும் கருவி 30 டாலர்.

ஒரு வழியாக ஐம்பது தோட்டா தேறியது. மனைவி கணக்கைக் கூட்டினாள். "740 டாலர். ஒண்ணு 14 டாலர் 80 சென்ட்." கருவிகள் எல்லாம் மூலதனம், தேய்மானம் போட வேண்டும் என்றேன். தணிக்கை படித்தவளிடம் தேய்மானம் பேசியிருக்கக் கூடாது.

சனிக்கிழமை போய் ஐம்பதையும் சுட்டேன். எல்லாம் ஒழுங்காக வெடித்தன. அட்டை வழக்கம்போல் சுகம். கூடுகளைப் பொறுக்கி எண்ணினால் நாற்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்பதேதான். பக்கத்து வரிசைக்காரர், என்னவோ விலையுயர்ந்த பொருள் தொலைந்துவிட்டதென்று பதறி, அவரும் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தார். நான் மறுக்கவில்லை.